அங்கம்மா காங்கேசன்துறையில் இறங்கிய பகல்

என் அம்மா அங்கம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். கடலை நம்பியே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவள், ஒரு நாளும் கடலில் போனதில்லை. எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறுவது வழக்கமில்லை. கரையில் நிற்கிற படகைத் தொட்டுக் கும்பிடுவாள், அதோடு சரி. துறைமுகத்து மதில் சுவருக்கு இந்தப் பக்கமே வாழ்ந்தவள், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது.

அப்படிப்பட்டவள் போன ஆடி மாதம் பாட்டு, டான்ஸ், பஃபே சாப்பாடு எல்லாம் உள்ள ஒரு உல்லாசக் கப்பலில் ஏறி இலங்கை போய் வந்தாள். "அங்கம்மாவுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று ராயபுரத்தில் இன்னமும் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று எனக்குக் கை துடிக்கும். சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் அவள் எதற்குப் போனாள் என்று எழுதிவிடுகிறேன்.

என் அண்ணன் திருமுருகன் விசைப்படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில், புயல் எச்சரிக்கை வருவதற்கு முந்தைய நாள் கிளம்பிய படகு அது. இஞ்சின் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது என்று அந்த முறை யாசினையும் கூட்டிப் போனார்கள். யாசின் மீன்பிடிக்கிறவன் இல்லை. அவன் அப்பா லியாகத் அலி ராயபுரத்தில் படகு இஞ்சின் ரிப்பேர் செய்கிறவர், அம்மா மரியம். இரண்டு குடும்பமும் ஒரே தெரு. அண்ணனும் யாசினும் சின்ன வயதிலிருந்தே தோஸ்துகள். யாசின் எங்கள் வீட்டுச் சட்டியில் கை வைக்காமல் அவன் வீட்டுக்குப் போக மாட்டான்.

படகு கவிழ்ந்தது. மற்றவர்களை வேறொரு படகு காப்பாற்றிக் கொண்டுவந்துவிட்டது. இவர்கள் இருவர் மட்டும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது என்று தகவல் வந்தது. அந்த மாதங்களில் கடலில் நீரோட்டம் தெற்கே இழுக்கும் என்று குப்பத்து ஆட்கள் சொன்னார்கள். போனில் ஒரு போட்டோ அனுப்பினார்கள். முகம் என்று ஒன்றும் இல்லை. உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்த பச்சைக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை மட்டும்தான் தெரிந்தது. அது அதற்கு முந்தைய தீபாவளிக்கு அம்மா வாங்கித் தந்த சட்டை. கலர் நன்றாக இல்லை என்று அண்ணன் அதைக் கடலுக்கு எடுத்துப் போய்விட்டான். போட்டோவைப் பார்த்ததும் அம்மா "என் புள்ள, என் புள்ள" என்று தரையில் விழுந்து புரண்டாள். அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்? உடலைக் கொண்டுவருகிற நிலையில் இல்லை, அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதமா என்றார்கள். அம்மா கைநாட்டு வைத்தாள்.

கடலில் போனவன் கிடைக்காவிட்டால் எங்கள் வழக்கத்தில் வைக்கோலில் ஒரு உருவம் செய்து அதைத்தான் எரிப்பார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி வைக்கோலை எரித்துவிட்டு வந்து உட்கார்ந்த தாய்மார்கள் எத்தனையோ பேர். அதனால் அம்மாவுக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு கர்வம் இருந்தது. சொன்னால் பாவம்போல இருக்கும், ஆனால் இருந்தது. "வாங்கனத கடலு திருப்பித் தராது. எனக்குத் தந்துச்சு. என் புள்ள மண்ணுல கீறான்" என்பாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், குளித்தாள், மறுபடி கூடையைத் தூக்கினாள்.

மரியம் அத்தைக்கு அது இல்லை. யாசின் எங்கோ சிறையில் இருக்கிறான், பர்மா பக்கம் கரை ஏறியிருப்பான் என்று நம்பிக்கொண்டே இருந்தாள். அழக்கூட மாட்டாள். உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் ஆகாதாம். ஒரு நாள் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு ஒரு மண்ணாவது கீது அங்கம்மா" என்றாள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் எர்ணாவூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை செய்கிறேன். எங்கள் முதலாளிக்குக் கப்பல் ஏஜென்ட் ஒருவர் இரண்டு இடம் ஓசியில் தந்தார். முதலாளி மனைவிக்கு மெரினாவில் நின்று கடலைப் பார்த்தாலே தலை சுற்றும். "நர்மதா, உங்கம்மாவக் கூட்டிட்டுப் போயேன்" என்றார். அந்தக் கப்பல் எந்தெந்தத் துறையில் நிற்கிறது என்று பார்த்தேன். காங்கேசன்துறை என்று இருந்தது. அண்ணனைப் புதைத்த இடம் அங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான்.

அம்மாவிடம் சொன்னபோது கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "கப்பல்ல பொம்பளைங்க ஏறலாமா?" என்பதுதான் முதல் கேள்வி.

"அதுல டான்ஸ் ஆடறதே பொம்பளைங்கதாம்மா" என்றேன்.

"அப்ப நானும் ஏறலாம்" என்றாள்.

கிளம்புகிற அன்று மரியம் அத்தை வந்து யாசின் போட்டோவை என் போனில் ஏற்றச் சொன்னாள். "ஊர்ல நாலு பேராண்ட காட்டு நர்மதா. யாராச்சும் பாத்துருப்பாங்க" என்றாள்.

கப்பலைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் அண்ணா நகரிலிருந்து வந்த ஒரு பெரியவர், கப்பல் நிற்கிற நேரத்தில் எத்தனை கோயில் பார்க்கலாம், எந்த ஐஸ்கிரீம் கடைக்குப் போகலாம், பனங்கல்கண்டு எங்கே வாங்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். "போர்ட்ல நிக்கிற ஒவ்வொரு நிமிஷத்தையும் யூஸ் பண்ணிக்கணும்மா" என்று அம்மாவுக்கும் புத்தி சொன்னார். அம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். அவளுடைய துணிப்பைக்குள் சூடம், வெற்றிலை, புது வேட்டி, பொரித்த வஞ்சிரத் துண்டுகள் எல்லாம் இருந்தன. வெளிச் சாப்பாடு கூடாது என்று சோதனையில் மீனை எடுத்துப் போடப் பார்த்தார்கள். "செத்துப்போன புள்ளைக்குப் படைக்க எடுத்துகினு போறேன் தாயீ" என்று அம்மா சொன்னதும் அந்தச் சோதனைக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை விட்டுவிட்டாள்.

காங்கேசன்துறையில் இறங்கியதும் எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். நாங்கள் ஏறவில்லை. கைடு பையன் பதறினான். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, சாயங்காலத்துக்குள் திரும்பாவிட்டால் தன் பொறுப்பு இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டான். வெளியே ராசையா ஆட்டோவோடு நின்றார். உடலைக் கண்டெடுத்தவர், அடக்கம் செய்தவர், அவ்வப்போது சமாதியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறவர், எல்லாம் அவர்தான். அவரும் மீன்பிடிக்கிறவர். எங்கள் ஊர் விசைப்படகுகள் போய் அவர்கள் வலையை எல்லாம் அறுத்துவிட்டு வருகிற கதை எனக்குத் தெரியும். அந்த வெட்கத்தோடுதான் கும்பிட்டேன்.

"வாங்கோ அக்கா, வெயிலுக்கை நிக்காதேங்கோ" என்று அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார்.

கடற்கரையை ஒட்டிய சுடுகாட்டில் ஒரு ஓரம். தாழை நிழல். மண்மேட்டைச் சுற்றிச் சங்கும் சிப்பியும் பதித்து, புல் முளைக்காமல் சுத்தமாக வைத்திருந்தார். தலைமாட்டில் ஒரு பலகை. படகுக்கு அடிக்கிற நீல பெயின்டில் 'திருமுருகன், சென்னை' என்று எழுதியிருந்தது. பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான். அம்மா அந்த மண்மேட்டின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். "வந்துட்டேன்டா, லேட்டாயிடுச்சுடா, கோச்சுக்காதடா" என்று மண்ணிடம் பேசினாள். நான் தடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியாது. பிறகு எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, ஏதோ வீட்டு வேலையைப்போல, இலையை விரித்தாள். மீனை வைத்தாள். வேட்டியை மேட்டின் மேல் போர்த்தினாள். சூடத்தை ஏற்றினாள்.

ராசையா கொஞ்சம் தயங்கி முன்னால் வந்தார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. சூடம் கொளுத்தலாமோ? எனக்குத் தெரியேல்லை, அதுதான் நான் இவ்வளவு நாளும் கொளுத்தேல்லை. சாம்பிராணிதான் காட்டினனான்."

"ஏன் நைனா?" என்றாள் அம்மா.

"தம்பி சமயம் மாறினவர் எண்டு நினைச்சன்."

"யாரு, என் புள்ளையா? திருப்போரூர் முருகனுக்குக் காவடி எடுத்த புள்ள அது."

ராசையா என்னைப் பார்த்தார், பிறகு மண்ணைப் பார்த்தார். "கரையிலை கிடக்கேக்கை உடம்பிலை அந்தப் பச்சைச் சேட்டு மட்டும்தான் அக்கா இருந்தது. என்ரை இடுப்பிலை கட்டியிருந்த சாரத்தை அவிட்டுத்தான் மூடினனான். தம்பி சுன்னத்துச் செய்தவர். நான் கண்டனான். பேரைப் பாத்துப்போட்டு நானும் குழம்பினனான்தான், ஆனால் பெத்த தாய் அடையாளம் காட்டினது எண்டு சொல்லிச்சினம். பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?"

எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. அம்மாவுக்கு ஏறிவிட்டது.

விசைப்படகில் சட்டைக்குச் சொந்தக்காரன் கிடையாது. பழைய சட்டைகள் எல்லாம் ஒரு கயிற்றில் தொங்கும். நனைந்தவன் எது காய்ந்திருக்கிறதோ அதை எடுத்து மாட்டிக்கொள்வான். அண்ணன் எத்தனையோ முறை வேறொருவன் சட்டையில் வீட்டுக்கு வந்திருக்கிறான், அம்மா அதற்கே அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். இஞ்சின் பார்க்கப் போன யாசினுக்குக் கடலுக்கென்று ஒரு சட்டை ஏது? மழையில் நடுங்கியிருப்பான். அண்ணன்தான் எடுத்துப் போட்டுவிட்டிருப்பான். இது காசிமேட்டில் கைக்குழந்தைக்குத் தெரியும். அந்தப் போட்டோவைப் பார்த்த அன்று மட்டும் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா உள்ளங்கையால் சூடத்தை அணைத்தாள். கை வெந்திருக்கும், அதைப் பார்க்கக்கூட இல்லை. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், மரியம் அத்தை வீட்டுக்குத் துக்கத்துக்குப் போனால் போட்டுக்கொள்வதுபோல.

"யாசினு" என்றாள். "எங்க வூட்டுச் சட்டியில துன்னு வளந்த புள்ள." மேட்டின் மேல் போர்த்திய வேட்டியை அவள் எடுக்கவில்லை. மீனையும் எடுக்கவில்லை. "துன்னட்டும். அதுக்கும் வஞ்சிரம்னா உசுரு."

எனக்கு அந்த நேரத்தில் யாசின் மேல் இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அம்மாவைப் பற்றித்தான் பயம் வந்தது. இந்த மேடு ஒன்றை வைத்துத்தான் அவள் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். இது போய்விட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? அங்கே மரியம் அத்தையோ பிள்ளை வருவான் என்று இருக்கிறாள். அதையும் போய்ப் பிடுங்க வேண்டுமா?

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். "எம்மா, இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். சொல்ல வேணாம். நீ அண்ணன்னே நெனச்சுக்கோ. அத்தையும் அது புள்ள உயிரோட இருக்குன்னே நெனச்சுக்கட்டும். யாருக்கு நஷ்டம்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"என் புள்ளைக்கு ரெண்டு வருசமா ஒரு மண்ணு இருந்துச்சு. அது யாசினோட மண்ணு. அவ தெனம் வாசல்ல நின்னு பாத்துகினு கீறா, நான் அவ புள்ளைய வெச்சுகினு அவளுக்கே ஆறுதல் சொல்லிகினு இருந்தேன். இப்பத் தெரிஞ்சப்புறமும் வெச்சுகினா அதுக்குப் பேரு இன்னா நர்மதா?"

பிறகு ராசையாவிடம் திரும்பினாள். "நைனா, பெயின்டு கீதா?"

அவருக்குப் புரிந்தது. நாளைக்கு எழுதி விடுகிறேன், நீங்கள் கப்பலுக்குப் போங்கள் என்றார். கப்பல் கிளம்புகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா அசையவில்லை.

"என் கண்ணு முன்னால எயுது. அப்பத்தான் நான் இங்கேருந்து போவேன். இல்லன்னா கப்பலுல ஏறி, ஊரு போறதுக்குள்ள என் மனசு மாறிப் பூடும்."

ராசையா ஓடிப்போய் இரண்டு பெயின்டு டப்பாவும் பிரஷ்ஷும் கொண்டுவந்தார். பழைய எழுத்து தெரியாதபடி பலகை முழுக்க நீல பெயின்டை அடிக்க ஆரம்பித்தார். 'தி' போனது, 'ரு' போனது. அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் செத்த செய்தி வந்த அன்று நான் பட்ட பாட்டைவிட அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பெரிதாக இருந்தது. முழுப் பெயரும் மறைந்ததும் அவர் வெள்ளை பெயின்டைத் தொட்டுக்கொண்டு என்ன எழுதுவது என்று கேட்டார். நான்தான் சொன்னேன். 'யாசின், ராயபுரம்' என்று எழுதினார்.

"அவங்க ஆளு யாரையாச்சும் இட்டுகினு வந்து ஓத வெச்சுடு நைனா" என்று அம்மா கேட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மௌலவியைக் கூட்டிவருவதாக ராசையா தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். பெயின்டு காய்வதற்கு முன்னால் நான் போனில் ஒரு படம் எடுத்தேன். ஆட்டோவில் அவர் வழியெல்லாம் அழுதார், தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்றார். "நீ நல்லது பண்ண நைனா" என்று அம்மாதான் அவருக்குத் தேறுதல் சொன்னாள்.

கப்பலில் ஏறிய கடைசி ஆட்கள் நாங்கள். அண்ணா நகர்ப் பெரியவர் கையில் பனங்கல்கண்டுப் பொட்டலத்தோடு, "எல்லாம் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "பாத்தோம் சார்" என்றாள் அம்மா.

சூரியன் இறங்குகிற நேரத்தில் மேல்தளத்தில் பாட்டுப் போட்டார்கள். நான் அவளை அறைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். கரை மறைந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீராக ஆன பிறகு கேட்டாள்.

"நர்மதா, வரும்போது இதே வயியாத்தான வந்தோம்?"

"ஆமா."

"அப்ப அவன் மேலயேதான் வந்தோமா?"

நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சென்னையில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மரியம் அத்தை வீட்டுக்கு நடந்தாள். நானே சொல்கிறேன், நீ உட்கார் என்றேன். கேட்கவில்லை. அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். "காட்டுனியா? யாராச்சும் பாத்தேன்னாங்களா?" என்று எங்களைப் படியேறவே விடாமல் கேட்டாள்.

அம்மா அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். லியாகத் அலி மாமா பனியனோடு எழுந்து வந்து நின்றார்.

"மரியம், அங்க கீறது என் புள்ள இல்ல. யாசினு" என்றாள் அம்மா. சட்டையைச் சொன்னாள். ராசையா சாரத்தால் மூடியதைச் சொன்னாள். சுன்னத்து விஷயத்தை மாமாவிடம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "ஒண்ணும் கொற வெக்கல மரியம். பெத்தவன்கணக்கா பாத்துகினு கீறாரு அந்த மனுசன். சங்கெல்லாம் பதிச்சு, சுத்தமா. நெழல்லதான் கீறான். வர்ற வெள்ளிக்கிழம ஓதறாங்க."

நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். மாமா இன்னாலில்லாஹி என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டார். மரியம் அத்தை அழவில்லை. போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மகன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டப்போகிறாள், இனி என் முகத்தில் விழிக்காதீர்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன். சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்ததுபோல முகம் மாறியது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப திருமுருகன் எங்கடி, அங்கம்மா?"

இரண்டு வருஷமாக எங்கள் தெருவில் எல்லோரும் பிள்ளை எங்கே என்ற இந்தக் கேள்வியை மரியம் அத்தையிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். மரியம் அத்தை அம்மாவின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள். மாமா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.